ராத்தாவுக்காகப் பூட்டி வைத்த வீடு

பொலித்தீன் உறை கழற்றாத கதிரையில் வெயில் நேரத்தில் உட்கார்ந்தால் முழங்கை ஒட்டிக்கொள்ளும். எழும்பும்போது பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நம் வயதுக்காரிகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் வீட்டில் இன்றைக்கும் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் ஒருவரும் சோறு தின்னாத பீங்கான்கள் இருக்கின்றன. ஈத் பெருநாளைக்குக்கூட அவை வெளியே வருவதில்லை. போன கிழமை ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். பொன் விளிம்பு போட்ட கோப்பைகள் அலுமாரிக்குள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. எனக்குக் காது உடைந்த கோப்பையில் தேத்தண்ணி வந்தது.

“அது பேத்திட கலியாணத்துக்கு வச்சிரிக்கன் கா” என்றாள். பேத்தி அப்போது தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன். இந்த வயதில் ஒருத்திக்குப் புத்தி சொல்லப் போனால் சிநேகிதம்தான் மிச்சமில்லாமல் போகும். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என் மூத்த சகோதரியின், ராத்தாவின் நினைவு. அவளுடைய கதையை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

இலங்கையின் கிழக்கே எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு. அதைக் கட்டிக் கொடுப்பது பெற்றவர்கள் பொறுப்பு. பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் மனதுக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். உங்களுக்கு இது புதிதில்லை. வெளியூரிலிருந்து வந்த மருமக்கள் யாராவது இதைப் படித்தால் விளங்கட்டும் என்று சொல்லி வைக்கிறேன்.

வீடும் முற்றமுமான எங்கள் வளவு சாய்ந்தமருதில், கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையில் இருந்தது. வாப்பாவுக்கு மாவடிப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் வயல். எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் பழைய வீட்டுக் கூரை பறந்து, மண்சுவர் பாதி கரைந்துபோனது. மற்றவர்கள் முதலில் தங்கள் தலைக்கு ஒரு கூரை தேடினார்கள். வாப்பா வளவின் முன்பக்கம் ராத்தாவுக்குக் கல்வீடு போடத் தொடங்கினார். நாங்கள் பின்பக்கம், மிச்சமிருந்த மண்சுவரைச் சுற்றித் தென்னங்கிடுகு கட்டி, அதற்குள் இருந்தோம். ஒரு போகத்து வெள்ளாமை ஓடாக மாறியது. ஒரு போகம் யன்னல்களாக மாறியது. இன்னொன்று சிவப்புச் சாயம் பூசி மினுக்கிய சீமெந்துத் தரையாகக் கிடந்தது.

வீடு முடிந்ததும் உம்மா அதைப் பூட்டினாள். திறப்பு அவளுடைய சீலைத் தலைப்பில் முடிச்சாகத் தொங்கியது.

உள்ளே என்ன இருந்ததென்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதிரை மரக் கட்டில். அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை, கடையிலிருந்து வந்த பொலித்தீனோடு. கண்ணாடி அலுமாரி. அதற்குள் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த பொன் விளிம்புக் கோப்பைகள், பீங்கான்கள், மூடி போட்ட ஒரு கறிச் சட்டி. வார்னிஸ் வாசம் போகாத கதிரைகள். யன்னல்களுக்குப் பூப்போட்ட சீலை. குசினியில் சீமெந்தால் கட்டிய அடுப்பு, வெள்ளை வெளேரென்று, ஒரு நாளும் நெருப்புப் படாமல்.

நாங்கள் மண் சட்டியில் ஆக்கி, அலுமினியத் தட்டில் தின்றோம். படுக்கை பன் பாயில். ராத்தா பாயை மடித்து முதுகுக்குக் கொடுத்து, சாய்ந்தபடிதான் தூங்குவாள். அவளுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுத்து இழுத்து வரும். நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கிடப்பதுபோல் சத்தம் கேட்கும். எங்கள் குடிலுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு கிடுகுத் தட்டிதான். உமி அடுப்பு, ஈரத் தேங்காய்ப் பொச்சு, அதோடு நெல் அவிக்கிற பெரிய அடுப்பு. புகை தட்டிக்குள்ளால் வந்து கூரையில் தங்கி, பிறகு எங்கள் மேல் இறங்கும். எனக்குக் கண் எரியும். ராத்தாவுக்கு மூச்சு அடைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன பிறகு உம்மா கல்வீட்டைத் திறப்பாள். ராத்தாவும் நானும் கிணற்றடியில் கால் கழுவி, துணியால் துடைத்து, குதிக்காலில் மண் இல்லையென்று உம்மாவிடம் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போவோம். தூசி தட்ட வேண்டும், தரை துடைக்க வேண்டும், அலுமாரிக் கண்ணாடியைத் தேய்க்க வேண்டும். ஒருவரும் நடக்காத தரையில் என்ன தூசி இருக்கப்போகிறது? இருந்தாலும் துடைப்போம்.

ராத்தா முதலில் கிழக்குப் பக்க யன்னலைத் திறப்பாள். கடல் காற்று நேராக வந்து அவள் முகத்தில் மோதும். முந்தானையை நீக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“இஞ்ச வந்து நில்லு. காத்து எப்பிடி வருது பாரு.”

“இப்ப ஒங்களுக்கு இழுப்புக் கேக்கல்ல ராத்தா.”

“இதுக்குள்ள வந்தா நெஞ்சு தொறந்திருது புள்ள” என்பாள். பிறகு கட்டிலைப் பார்ப்பாள். “ஒரு நாள் பகலைக்கு இதில படுத்து எழும்பினாப் போதும் எனக்கு.”

“கலியாணம் முடிஞ்சா ஒங்கடதானே.”

“ஓம். அப்ப மாப்பிள்ள படுப்பாரு. நான் குசினிக்குள்ள நிப்பன்.”

அவள் அப்படித்தான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் பகிடி விடுவாள். அவளுக்கு நல்ல குரல். ஓதத் தொடங்கினால் ஒழுங்கையில் போகிற பெண்கள் வேலியோரம் நின்று கேட்பார்கள். முட்டு இல்லாத நாட்களில்தான் அது நடக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் உண்மையாகவே படுத்துவிட்டாள். நான் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் பொலித்தீன் நொறுங்குகிற சத்தம். திரும்பிப் பார்த்தால், கட்டிலின் நடுவில் கையைக் காலை அகல விரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கிடக்கிறாள். மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறது. நான் சிரித்தேன். அவளும் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு உம்மா வந்தாள்.

உம்மாவின் கையில் ஈர்க்குக்கட்டு இருந்தது. ராத்தாவின் காலில் ஒரு அடி, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் என் மனதில் தங்கியிருக்கிறது. தன் முந்தானையால் பொலித்தீனைத் தேய்த்தாள். ராத்தாவின் தலை எண்ணெய் பட்ட இடம் போகும்வரை தேய்த்தாள். சுருக்கத்தைக் கையால் நீவி நீவி நேராக்கினாள். தேய்த்துக்கொண்டே பேசினாள்.

“ஒங்களுக்குத் தெரியாது. எனக்கு எங்கட உம்மா குடுத்தது குடியிருந்த வீடு. ஒங்கட வாப்பாட உம்மா கண்ண மூடி மௌத்தாகுமட்டும் சொன்னா. அடுப்புக்கரி அப்பின வீட்டுக்கு எங்கட பொடியன அனுப்பினமெண்டு. சோறு போட்டாலும் சொன்னா, புள்ள பெத்தாலும் சொன்னா. என்ட புள்ளக்கி அந்தச் சொல் வரப்படா.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உம்மா ஒரு வீட்டையே மூடியாகப் போட்டுப் பார்த்தாள். இப்போது யோசித்தால் எனக்கு அவள்மேல் கோபம் வருவதில்லை. அன்றைக்கு வந்தது.

அந்த வருசம் மாரி வழமையைவிடப் பிந்தித் தொடங்கியது. தொடங்கிய பிறகு விடவில்லை. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். எங்கள் கிடுகுக் கூரை ஒழுகியது. மண்தரை சதசதவென்றிருந்தது. பாயைச் சுருட்டி எடுத்தால் அடியில் பூஞ்சணம். அவித்த நெல்லைக் காயப்போட வெயிலும் இல்லை, இடமும் இல்லை. உம்மா அதைச் சாக்கில் கட்டி வைத்தாள். அது புளித்து, கையை விட்டால் சுட்டது. முன்வீட்டு மண்டபமோ சொட்டு ஈரமில்லாமல் சிவப்பாகக் கிடந்தது.

“அதில விரிச்சா ரெண்டு நாளைல காஞ்சிரும்” என்றார் வாப்பா.

“நெல்லுத் தவிடு தரையில புடிச்சா மினுக்கம் போயிரும்” என்றாள் உம்மா.

வாப்பா வயலில் தண்ணீருக்காக யாரோடும் மல்லுக்கட்டக்கூடிய மனிதர். வளவுக்குள் வந்தால் உம்மா சொன்னதுதான் சட்டம். அந்த நெல்லைக் கடைசியில் கோழிக்குப் போட்டோம்.

ராத்தாவின் மூச்சு அந்த மாரியில் மோசமானது. பேசும்போது சொல்லுக்குச் சொல் நிறுத்துவாள். கழுத்துப் பள்ளம் உள்ளே இழுபடும். வாப்பா அவளைச் சைக்கிள் பாரில் இருத்தி, குடை பிடித்து, கல்முனையில் ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். நான் பின்னால் கெரியரில். டொக்டர் வயதான மனிதர். ராத்தாவின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அவளுடைய தலைமுடியை மோந்து பார்த்தார்.

“இந்தப் பிள்ளை புகைக்குள்ளயா படுக்குது?”

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் மருந்து தரலாம். ஆனா ஈரத்திலயும் புகையிலயும் படுக்க வச்சா, மருந்தால ஒண்டும் நடக்காது. சீமெந்துத் தரை போட்ட, காத்து வாற அறை ஒண்டு தேடிக் குடுங்க. சொந்தக்காரர் வீடு ஒண்டும் இல்லையா?”

“இரிக்கி” என்றார் வாப்பா. எங்கே என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னார். உம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ராத்தாமேல் பாசமில்லையென்று நினைத்துவிடாதீர்கள். மகளின் நெஞ்சுக்குத் தேங்காயெண்ணெய் காய்ச்சிப் பூசி, வெற்றிலையை வாட்டி ஒற்றி, ஓதி ஊதிய தண்ணீரைப் பருக்கி, தூக்கமில்லாமல் இருந்தவள் அவள்தான்.

“கலியாணம் பேசி வார நேரத்தில புள்ள புதுவீட்டில படுத்துக் கிடந்தா என்ன சொல்லுவாங்க? வருத்தக்காரிக்கு ஆசுபத்திரியாக் கட்டின வீடெண்டு சொல்லுவாங்க. நிக்காஹ் முடியட்டும். வாழ்நாள் முழுக்க அதில படுக்கட்டும். நான் வேணாமெண்டா சொல்லுறன்?”

உண்மைதான். கலியாணம் பேசி வர இருந்தார்கள். மாப்பிள்ளை கந்தோர் ஒன்றில் கிளாக். அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை என்றால் என்ன மதிப்பென்று உங்களுக்குத் தெரியும். தரகர் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து உம்மாவுக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. அப்படியானால், நாங்கள் இவ்வளவு காலமும் காத்தது வீண்போகவில்லை என்று வாப்பாவும் நம்பத் தொடங்கினார்.

வீடும் பெண்ணும் பார்க்க மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரியும் வந்தார்கள். அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. விடிந்ததிலிருந்து என் ராத்தா பின்குசினியில் நின்றாள். வட்டிலப்பம் அவிக்க வேண்டும், கோழி ஆக்க வேண்டும், அச்சுப் பணியாரம் சுட வேண்டும். புதுக் குசினியில் அடுப்பு மூட்டக் கூடாது. எல்லாம் ஈரப் பொச்சில். புகை எழும்பி அவளை மூடிவிடும். இருமிக்கொண்டு வெளியே வருவாள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போவாள்.

“நான் ஆக்குறன் ராத்தா, நீங்க போய் இரிங்க.”

“நீ ஆக்கினா அவங்க கலியாணத்தோட ஊரையும் விட்டு ஓடிருவாங்க” என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

வந்தவர்கள் ஒழுங்கைச் சேறு அப்பிய செருப்போடு படியில் நின்றார்கள். “பரவால்ல, அப்பிடியே வாங்க” என்றாள் உம்மா. எங்கள் குதிக்காலைத் தூக்கிப் பார்க்கிற அதே உம்மா. சிவப்புத் தரையில் சேற்றுத் தடம் பதிந்துகொண்டு போனது. மாப்பிள்ளையின் உம்மா பருத்த, கலகலப்பான பெண். விரல் மொழியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள். யன்னல் கொளுவியை இழுத்துப் பார்த்தாள். குசினிக்குள் போய், அடுப்புக்குள் விரலை ஓட்டி, விரல் நுனியைத் தன் மகளிடம் காட்டினாள்.

“பாத்தியா, அடுப்பு மூட்டவே இல்ல. இதெல்லோ வீடு.”

உம்மாவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனையோ வருசத்துக் காயத்துக்கு அந்த ஒரு சொல் மருந்தாக இறங்கியது.

ராத்தா குளித்து, உடுத்து, தட்டத்தில் பொன் விளிம்புக் கோப்பைகளை ஏந்திக்கொண்டு பின்வாசலால் வந்தாள். கோப்பைகள் முதன்முதலாக வெளியே வந்த நாள் அது. அவளுக்கு அன்றைக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். நல்ல வடிவு. வந்தவர்களுக்கும் பிடித்துவிட்டது. பக்கத்தில் இருத்தி, தலையைத் தடவினார்கள்.

“ஓதி முடிச்சாச்சா மகள்?”

“ஓம்.”

“அப்ப ஒரு சின்னச் சூறா ஓதுங்க, கேப்பம்.”

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்படிக் கேட்பது வழமைதான். மற்ற நேரமென்றால் ராத்தாவுக்கு இது பெருமையான வேலை. ஆனால் விடிந்ததிலிருந்து குடித்த புகை நெஞ்சில் நின்றது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது வெற்று மண்டபம். பாய் இல்லை, உடுப்பு இல்லை, நெல் மூட்டை இல்லை, ஒரு குடும்பம் இருந்து புழங்குகிற சாமான் ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி விழுந்தால் அறை முழுக்கக் கேட்கும். எங்கள் குடிலில் அவளுடைய இழுப்பு மழைச் சத்தத்தோடும் கோழிச் சத்தத்தோடும் கலந்துபோகும். இங்கே அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

பிஸ்மி சொன்னாள். முதல் வசனம் வந்தது, அழகாக. இரண்டாவதின் நடுவில் மூச்சு அறுந்தது. மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அதே இடத்தில் நின்றது. நெஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எழுந்து நாலு சுவரிலும் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். ராத்தா விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, வசனத்தை எப்படியாவது முடித்துவிடவேண்டுமென்று இழுத்தாள்.

“போதும் மகள். போதும்” என்றாள் அந்தப் பெண், அன்பாகத்தான்.

வட்டிலப்பத்தை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உம்மா அன்று பொழுதுபடும்வரை சேற்றுத் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். மழை விட்டிருந்ததால் முற்றத்துப் பலா மரத்தடியில் வாப்பா கதிரை போட்டார். பழைய கதிரைதான். உம்மா கதவோரம் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில். ராத்தா குடிலுக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வீடு அவங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி” என்றார் தரகர். “ஒரு குறையும் சொல்லல்ல.”

“புள்ளய?” என்றார் வாப்பா.

“புள்ள நல்ல புள்ளதான். ஆனா நெஞ்சு வருத்தமெல்லோ. அவங்களும் யோசிப்பாங்கதானே.” வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “இளையவ ஒண்டு இரிக்காமே ஒங்களுக்கு? பொடியனுக்கு இப்ப ஒண்டும் அவசரமில்லயாம். அவ பெரிசாகுமட்டும் பொறுத்திரிப்பாங்களாம். வீட்ட மட்டும் இப்ப இரிக்கிற மாதிரியே வச்சிரிக்கச் சொன்னாங்க.”

சுளகுச் சத்தம் ஒருதரம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அந்த யன்னல்களும் அலுமாரியும் பூப்போட்ட சீலையும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சின்னப் பிள்ளைதானே. ஒரு கணம் சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகு குடிலுக்குள் சுளகுச் சத்தம் காதில் விழுந்தது.

வாப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தரகரை அனுப்பினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன துக்கம் அவருக்கு. நெடுநேரம் மரத்தடியிலேயே இருந்துவிட்டு எழும்பி வந்தார்.

“ஒண்டாவது கரையேறட்டுமே புள்ள. நல்ல எடம்.”

“மூத்தவ?” என்றாள் உம்மா.

“மூத்தவளுக்கு மறுகா பாப்பம்.”

எதற்கும் கடைசிச் சொல் உம்மாவுடையதாகத்தான் இருக்கும். அன்று இல்லை. அஸர் தொழுதாள். தொழுத பாயை மடித்து வைத்தாள். பின்குசினிக்குள் போய், ஒரு சிரட்டையில் தணல் அள்ளிக்கொண்டு, மறு கையால் தலைப்பிலிருந்த திறப்பை அவிழ்த்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். கால் கழுவவில்லை. சேற்றுக் காலோடு கல்வீட்டுக்குள் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

புது அடுப்புக்குள் தணலைக் கொட்டி, ஈரப் பொச்சை அதன்மேல் வைத்து, குந்தியிருந்து ஊதினாள். வெள்ளைச் சுவரில் புகை ஏறத் தொடங்கியது.

“உனக்கென்ன விசரா?” என்றார் வாப்பா.

“ஓம்.” ஊதினாள். “கரி புடிக்கட்டும். நல்லாப் புடிக்கட்டும். கரி அப்பின வீட்ட ஒருத்தரும் கேட்டு வர மாட்டாங்க. இது அவட வீடு. அவளுக்கில்லாட்டி ஒருத்தருக்கும் இல்ல.”

வாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. உம்மா எழும்பி, பின்குசினியிலிருந்து கத்தியை எடுத்து வந்து அறைக்குள் போனாள். மெத்தையின் பொலித்தீனைக் குறுக்கே வெட்டிக் கிழித்து, சுருட்டி, யன்னலால் முற்றத்தில் எறிந்தாள். பிறகு ராத்தாவைக் கூப்பிட்டாள். ராத்தா வாசலில் வந்து நின்றாள். கையிலும் முந்தானையிலும் தவிடு.

“வா மகள். படு.”

“கால் கழுவல்ல உம்மா.”

“கழுவாமப் படு” என்றாள் உம்மா. அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அன்றிலிருந்து நாங்கள் கல்வீட்டில் இருந்தோம். மண்டபத்தில் நெல் காய்ந்தது, கோழி நடந்தது, கொடியில் உடுப்புத் தொங்கியது. பொன் விளிம்புக் கோப்பையில் காலையும் மாலையும் தேத்தண்ணி குடித்தோம். நான் ஒன்றை உடைத்தேன். உம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரகருக்கு வாப்பா இல்லையென்று சொல்லி அனுப்பினார். அந்தக் கிளாக் மாப்பிள்ளை வேறொரு புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சமைப்பது இப்போது உம்மாவும் நானும். ராத்தாவைப் புகைப் பக்கம் விடுவதில்லை. அவள் யன்னலடியில் இருந்து ஓதுவாள். மழையில்லாமல் கச்சான் காற்றடித்த மாதங்களில் நன்றாகவே இருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. ஒரு வசனத்தை மூச்சு விடாமல் முடித்துவிட்டு, கேட்டாயா என்று என்னைப் பார்ப்பாள்.

ஆனால் அந்தக் கட்டில். நடுவில் கையையும் காலையும் விரித்துப் போட்டுப் படுத்திருந்தவளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் எங்கே போனாளோ தெரியாது. இப்போது அவள் மெத்தையின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, ஒரு கை அகலத்துக்குள் ஒடுங்கிப் படுப்பாள். தலைக்குக் கீழே தன் பழைய துணியொன்றை விரித்துக்கொள்வாள். உம்மா வந்து பார்ப்பாள்.

“நடுவில படு மகள்.”

“ஓம் உம்மா” என்று நகர்ந்து படுப்பாள். உம்மாவின் தலை மறைந்ததும் ஓரத்துக்குப் போய்விடுவாள்.

“ஏன் ராத்தா?” என்று கேட்டேன்.

“அமுங்கிப் போகுமே புள்ள. புதுசெல்லோ.”

“அமுங்கினா என்ன?”

அவள் தலைக்குக் கீழிருந்த துணியை நீவி நேராக்கினாள். எங்களுக்கு அதற்கு முன் ஒருவரும் அந்தக் கேள்வியைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அடுத்த மாரியில் அவள் மௌத்தாகிப் போனாள். காற்று வருகிற அறையில், ஈரமில்லாத தரைக்கு மேல், டொக்டர் சொன்னபடியே இருந்தும் போனாள். நெஞ்சு முன்பே பழுதாகிவிட்டதாம். இரண்டு மாரிக்கு முன் கொண்டுவந்திருக்கலாம் என்று அவர் வாப்பாவிடம் சொன்னார். வாப்பா அதை உம்மாவுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார், ராத்தா போய்ப் பல வருசங்களுக்குப் பிறகு.

எனக்கு மாப்பிள்ளை வந்தபோது வீட்டுக் குசினி கன்னங்கரேலென்றிருந்தது. அவருடையது மீன்பிடிக் குடும்பம். கரிக்குப் பயந்தவர்கள் இல்லை. அவருடைய உம்மா வந்த அன்றே அந்த அடுப்படியில் குந்தி மீன் பொரித்தாள். நான் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

கலியாணத்துக்கு முன் வாப்பா, மெத்தையைப் பிரித்துப் பஞ்சடைத்துத் தைக்கிற ஒருவரைக் கூட்டி வந்தார். புது மாப்பிள்ளை படுக்க வேண்டுமே என்று. அவர் மெத்தையை முற்றத்துக்குத் தூக்கி வந்து, வெயிலில் போட்டு, கையால் அமுக்கிக்கொண்டு வந்தார்.

“இதென்ன, ஒரு ஓரம் மட்டும் பள்ளமாப் போயிரிக்கி. மத்தப் பக்கமெல்லாம் கடையில வாங்கின மாதிரி. இத வெட்டத் தேவல்ல. பஞ்சக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விட்டாச் சரி.”

ஊசியை எடுத்தார். உம்மா வெளியே வந்தாள்.

“அதத் தொட வேணாம். உள்ள கொண்டு வையுங்க” என்றாள்.

எங்களுக்கு வேறு மெத்தை வாங்கினார்கள். அந்தப் பழையதை உம்மா தன் அறைக்குக் கொண்டுபோனாள். தான் மௌத்தாகும்வரை அந்த ஓரத்துப் பள்ளத்தில்தான் படுத்தாள். அவளுடைய உடம்புக்கு அந்த இடம் காணாது. நடுவில் படுங்கள் என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.